பழைய சொகுசுக் கார்கள் மலையேறும்போது ஏன் கொதித்தன?

நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. உங்கள் தாத்தா ஒரு ஜமீனில் டிரைவராக இருந்தவர், மலைக்குக் கிளம்பினால் காரில் இரண்டு டின் தண்ணீர் ஏற்றாமல் புறப்பட மாட்டாராம். அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கார் வழியில் நின்று கொதிப்பானேன், அந்தக் காலத்து என்ஜினியர்களுக்குக் கூலிங் பற்றித் தெரியாதா என்பது முதல் கேள்வி. உங்களுக்குத் தெரிந்தவர் 1920களின் ஆறு சிலிண்டர் கார் ஒன்றை வாங்கியிருக்கிறார், அதுவும் கொதிக்கிறது, என்ன செய்யலாம் என்பது இரண்டாவது. பழைய என்ஜின்களோடு பல வருடம் மல்லுக்கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முதலில் ஒரு கணக்கு. அந்தக் காலத்து என்ஜினில் எரிகிற பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு சக்கரத்துக்குப் போனாலே பெரிய விஷயம். மீதியெல்லாம் வெப்பம். அதில் ஒரு பெரும் பங்கு சைலன்சர் வழியாகப் போகும், இன்னொரு பெரும் பங்கு சிலிண்டரைச் சுற்றியிருக்கும் தண்ணீருக்குள் இறங்கும். வண்டியை இழுக்க என்ஜின் எவ்வளவு சக்தி கொடுக்கிறதோ, குறைந்தது அதே அளவு வெப்பத்தைத் தண்ணீர் சுமந்து வெளியே கொண்டுபோக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது பெரும்பாலும் சைடு வால்வு என்ஜின்கள்தான், அதாவது வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில், பிளாக் என்ற அந்த வார்ப்பிரும்புக் கட்டிக்குள்ளேயே இருக்கும். எரிந்த புகை வெளியேறும் வழி பிளாக்குக்குள்ளேயே வளைந்து போகும். அந்தச் சூட்டையும் தண்ணீர்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். வால்வுகள் மேலே இருக்கும் இன்றைய ஓவர்ஹெட் வால்வு என்ஜினுக்கு அந்தத் தொல்லை குறைவு.

ஆரம்பத்தில் இதற்கு ரேடியேட்டரே கிடையாது. 1886இல் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சக்கர வண்டியில் சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் இருந்தது. அது கொதித்து ஆவியாகப் போகும், போகப் போக ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. 1888இல் அவருடைய மனைவி பெர்த்தா, மகன்கள் இருவரோடு மான்ஹைமிலிருந்து போர்ஸ்ஹைம் வரை சுமார் 100 கிலோமீட்டர் அந்த வண்டியின் அடுத்த மாடல் ஒன்றை ஓட்டிக்கொண்டு போனபோது, வழி நெடுகத் தண்ணீருக்கு நின்று நின்றுதான் போனார். இது முட்டாள்தனமான ஏற்பாடு இல்லை. ஒரு லிட்டர் தண்ணீரைச் சாதாரணச் சூட்டிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைவிட, கொதிக்கிற அந்தத் தண்ணீரை முழுக்க ஆவியாக்க ஏழு மடங்கு அளவுக்கு வெப்பம் தேவை. அதாவது ஆவியாகிற தண்ணீர் ஏராளமான சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. பென்ஸின் முதல் என்ஜின் ஒரு குதிரைத்திறனைக்கூட எட்டாதது, அதனால் சமாளித்தது. அதே முறையை 35 குதிரைத்திறன் என்ஜினுக்கு வைத்தால், முழு வேகத்தில் மணிக்குச் சுமார் 40 லிட்டர் தண்ணீர் ஆவியாகும். பெட்ரோலைவிடத் தண்ணீரை அதிகமாகச் சுமக்க வேண்டியிருக்கும்.

அந்த 35 குதிரைத்திறன் என்பது நான் சும்மா எடுத்த எண் இல்லை. 1901இல் நீஸ் நகரப் பந்தயங்களில் எல்லோரையும் திரும்பிப் பார்க்கவைத்த முதல் மெர்சிடீஸின் சக்தி அதுதான். அதை வடிவமைத்த வில்ஹெல்ம் மைபாக், முன்பு செய்த குழாய் ரேடியேட்டரை ஒதுக்கிவிட்டுத் தேன்கூடு ரேடியேட்டரைக் கொண்டுவந்தார். 6 மில்லிமீட்டருக்கு 6 மில்லிமீட்டர் சதுரமான சின்னச் சின்னக் குழாய்கள், மொத்தம் 8,070, அடுக்கிப் பற்றாசு (சால்டரிங்) வைத்த ஒரு செவ்வகம். குழாய்க்குள் காற்று போகும். குழாய்களுக்கு இடையே உள்ள நூலிழை இடுக்கில் தண்ணீர் இறங்கும். பின்னால் ஒரு ஃபேன். 18 லிட்டர் தண்ணீர் சுமந்த இடத்தில் 9 லிட்டர் போதும் என்றாயிற்று. இன்றைக்கு நாம் 'கார்' என்றதும் மனதில் வருகிற முகம், முன்னால் ரேடியேட்டர், பின்னால் போனட், அதற்கும் பின்னால் டிரைவர் என்ற அந்த வரிசை, நிலைத்தது இந்த வண்டியால்தான். என்னைக் கேட்டால், அந்த வண்டியில் என்ஜினைவிடப் பெரிய கண்டுபிடிப்பு அந்த ரேடியேட்டர்தான்.

ஆக, தெரியாமல் இல்லை. 1901லேயே நன்றாகத் தெரிந்திருந்தது. பிறகு ஏன் கொதித்தது?

சமதரையில் மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டிக்கு ரேடியேட்டர் வழியாகக் காற்று தானாகவே அடித்துக்கொண்டு போகிறது. என்ஜினுக்கும் பாதி வேலைதான். இப்போது அதே வண்டி மலைப்பாதையில் ஏறுகிறது. முதல் கியர், வேகம் மணிக்கு 10, 12 கிலோமீட்டர். என்ஜின் முழு மூச்சில் வேலை செய்கிறது, வெப்பம் உச்சத்தில் இருக்கிறது, காற்றோ ஃபேன் இழுப்பது மட்டும்தான். கொண்டை ஊசி வளைவில் திரும்பினால் சில சமயம் பின்காற்று வேறு. வெப்பம் மிக அதிகமாக உண்டாகும் நேரமும் அதை வெளியேற்றும் வசதி மிகக் குறைவாக இருக்கும் நேரமும் ஒன்றாக வருவது ஏற்றத்தில்தான். ஊர்வலமும் இதே கதைதான். யானைக்கும் பேண்டு வாத்தியத்துக்கும் பின்னால் நடை வேகத்தில் ஒரு மணி நேரம் ஊர்ந்த கார், ஏற்றமே இல்லாத தெருவிலும் கொதிக்கும்.

சின்னக் கார்களுக்கும் இது உண்டு. ஆனால் சொகுசுக் காருக்கு எடை கூட. அன்றைக்கு ரோல்ஸ்ராய்ஸ் போன்ற கம்பெனிகள் சேசிஸ் என்ற அடிச்சட்டமும் என்ஜினும்தான் கொடுத்தன. மேலே உடலைக் கட்டியது தனிப் பட்டறைகள். தேக்கு, கண்ணாடி, தோல் இருக்கை, பின்னால் பெட்டிகள், மேலே ஆட்கள் என்று ஏற்ற ஏற்ற வண்டி இரண்டு டன்னைத் தொட்டுவிடும். ரேடியேட்டரை அளந்து போட்டவருக்கு, அந்தச் சேசிஸ் மேல் கடைசியில் என்ன உட்காரப் போகிறது என்பது முழுதாகத் தெரியாது.

இதோடு சீதோஷ்ணத்தைச் சேருங்கள். ரேடியேட்டர் எவ்வளவு சூட்டை வெளியேற்றும் என்பது தண்ணீருக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. இங்கிலாந்தில் காற்று 15 டிகிரி என்றால், தண்ணீர் கொதிக்கும் வரைக்கும் 85 டிகிரி இடைவெளி இருக்கிறது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் காற்று 40 டிகிரி. இடைவெளி 60தான். அதே ரேடியேட்டர், அதே கார், கப்பலிலிருந்து இறங்கிய அன்றே முப்பது சதவீதம் திறனை இழந்துவிடுகிறது. போதாக்குறைக்கு உயரம். கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், ஊட்டி உயரத்தில் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சமவெளியில் தாங்கும் சூடு, ஏற்றத்தின் கடைசிக் கட்டத்தில் தாங்காது. உங்கள் தாத்தா அனுபவத்தில் பார்த்தது இதைத்தான்.

தயாரிப்பாளர்கள் இதை எப்படிக் கற்றுக்கொண்டார்கள் என்பதற்கு ரோல்ஸ்ராய்ஸின் கதையே நல்ல சான்று. 1906இல் அறிமுகமான 40/50 குதிரைத்திறன் கார், பிறகு சில்வர் கோஸ்ட் என்று எல்லோராலும் அழைக்கப்பட்டது, 7 லிட்டர் ஆறு சிலிண்டர் என்ஜின். நம் நாட்டோடு அதற்கு நேரடித் தொடர்பு சீக்கிரமே வந்துவிட்டது. 'பேர்ல் ஆஃப் தி ஈஸ்ட்' என்று பெயரிட்ட ஒரு கார் 1908இல் பம்பாயிலிருந்து கோலாப்பூர் வரையிலான சோதனை ஓட்டத்தில், ஆறு மலைக் கணவாய்கள் உட்பட 620 மைல் ஓடிப் பெயர் வாங்கியது. அதைக் குவாலியர் மகாராஜா வாங்கினார். ஆக அந்தக் காருக்கு மலை புதிதில்லை.

இடி இறங்கியது 1912இல், ஆஸ்திரியாவின் ஆல்ப்ஸ் மலைச் சோதனை ஓட்டத்தில். ஜேம்ஸ் ராட்லி என்பவர் தன் சொந்த சில்வர் கோஸ்டோடு கலந்துகொண்டார். காட்ஷ்பெர்க் கணவாயின் செங்குத்தான ஏற்றத்தில் வண்டி முழுச் சுமையோடு கிளம்ப மறுத்தது, ஆட்கள் இறங்க வேண்டியதாயிற்று. காரணம் கியர். 1909இல் நான்கு கியரை மூன்றாகக் குறைத்திருந்தார்கள், முதல் கியர் அந்த ஏற்றத்துக்குப் போதவில்லை. கம்பெனிக்கு அது பெரிய தலைகுனிவு. மறு வருடம் 1913இல் தனி ஏற்பாடு செய்த கார்களை அனுப்பினார்கள். நான்கு கியர், கூடுதல் சக்தி, கூடவே பெரிய ரேடியேட்டர். அந்த ரகத்துக்கு 'ஆல்பைன் ஈகிள்' என்று பெயர் நின்றுவிட்டது. அந்த வருடம் மலைகளில் அவை காட்டிய வேகம் இன்றும் பேசப்படுகிறது.

இதில் நான் கவனிக்கச் சொல்வது, கியரை மாற்றியவர்கள் ரேடியேட்டரையும் சேர்த்தே மாற்றினார்கள் என்பதை. தாழ்ந்த கியர் கொடுத்தால் வண்டி ஏறிவிடும், சரி. ஆனால் தாழ்ந்த கியரில் என்ஜின் அதிகம் சுற்றும், வண்டி மெதுவாகப் போகும், வெப்பம் குவியும். ஏறும் திறனையும் ஆறும் திறனையும் பிரித்துப் பார்க்கவே முடியாது என்பதை அந்த இரண்டு வருடத்தில் அவர்கள் செயலில் காட்டிவிட்டார்கள். இன்றைக்கும் பழைய காரில் சக்தியைக் கூட்டுகிறேன் என்று கிளம்புகிறவர்கள் பலர் இந்தப் பாதியை மறந்துவிடுகிறார்கள்.

ரேடியேட்டரைத் தாராளமாகப் பெரிதாக்கிவிட வேண்டியதுதானே என்று தோன்றும். அங்கேதான் சொகுசுக் கார்களுக்கே உரிய ஒரு கஷ்டம். ரேடியேட்டர்தான் அந்தக் காரின் முகம். ரோல்ஸ்ராய்ஸின் கிரேக்கக் கோயில் முகப்பு போன்ற கூடு, கையால் பற்றாசு வைத்துத் தட்டி நேர்செய்த, ஜெர்மன் சில்வர் என்ற வெள்ளி நிற உலோகக் கலவை வேலை. பிரான்ஸின் டெலோனே பெல்வில் கம்பெனி கப்பல் பாய்லர் செய்தவர்கள், அதனால் அவர்கள் கார்களுக்கு வட்டமான ரேடியேட்டர். ரஷ்ய ஜார் மன்னர் நிக்கோலஸ் அந்தக் கார்களை வைத்திருந்தார். இங்கிலாந்து டைம்லர் காரின் ரேடியேட்டர் மேல் டேங்க்கில் தெரியும் வரிவரியான மடிப்பு, பார்க்க அலங்காரம் போல இருக்கும். முதலில் அது வெளியே தெரியும்படி வைத்த கூலிங் குழாய்களின் வரிசை. தேவை போன பிறகும் அடையாளமாகத் தங்கிவிட்டது. ரெனோ நேர் எதிர்: ரேடியேட்டரை என்ஜினுக்குப் பின்னால், டிரைவருக்கு முன்னால் வைத்தார்கள். 9 லிட்டர் என்ஜின் கொண்ட அவர்களுடைய பெரிய '40 சிவி' மாடல் வரை அப்படித்தான். முகத்தை மாற்றினால் பெயர் போய்விடும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. அந்த முகத்துக்குப் பின்னால் எவ்வளவு இடம் கிடைக்கிறதோ அதற்குள்தான் கூலிங்கை அடக்க வேண்டியிருந்தது.

தண்ணீரைச் சுற்றவைக்க இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பம்பே இல்லாமல், சூடான தண்ணீர் லேசாகி மேலே ஏறும், ஆறிய தண்ணீர் கீழே இறங்கும் என்ற இயற்கையை நம்பிய தெர்மோசைஃபன். ரெனோ அதை விட்டுக்கொடுக்காமல் பின்பற்றியது, ஃபோர்டின் மாடல் டீயும் அதே. பழுதாக எதுவுமே இல்லாத அழகான முறை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. மேல் டேங்க்கில் தண்ணீர், என்ஜினிலிருந்து வரும் குழாயின் வாய்க்கு மேலே நிற்க வேண்டும். கொதித்து இரண்டு மூன்று லிட்டர் வெளியே போய் மட்டம் அந்த வாய்க்குக் கீழே இறங்கிவிட்டால் சுற்று அறுந்துவிடும். மீதித் தண்ணீர் இருந்த இடத்திலேயே கொதிக்கும். இன்னொன்று, சில்வர் கோஸ்ட் போன்றவற்றில் இருந்த பம்ப். அது மட்டம் கொஞ்சம் இறங்கினாலும் தள்ளும். ஆனால் பம்புக்கு கிளாண்ட் உண்டு, சுழலும் தண்டைச் சுற்றித் தண்ணீர் வராமல் அடைக்கும் இடம் அது, கிளாண்ட் என்றால் கசிவு உண்டு. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இந்த இரண்டுமே மூடி திறந்த அமைப்புகள். இன்றைய காரில் மூடி அழுத்தத்தை அடக்கி வைக்கிறது, அதனால் தண்ணீர் 120 டிகிரி வரைகூடக் கொதிக்காமல் இருக்கும். அன்றைக்கு மேல் டேங்க்கிலிருந்து ஒரு மெல்லிய குழாய் கீழே திறந்திருக்கும். பொங்கினால் அது வழியாகத் தரையில் போகும், போனது போனதுதான். இதற்கு மிக எளிமையான மாற்று வழியைப் பாலைவனத்தில் கண்டுபிடித்தார்கள். முதல் உலகப் போரின்போது எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் சுற்றிய பிரிட்டிஷ் படையின் ஃபோர்டு கார்களில், ரேடியேட்டரிலிருந்து ஒரு குழாயை ஃபுட்போர்டு மேல் கட்டிய டின்னுக்குள் விட்டார்கள். ஆவி அந்த டின்னில் இருக்கும் தண்ணீருக்குள் போய் ஆறித் தண்ணீராகும். என்ஜின் ஆறும்போது ரேடியேட்டருக்குள் வெற்றிடம் உண்டாகி, அந்தத் தண்ணீரைத் தானே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். இன்று உங்கள் காரின் போனட்டைத் திறந்தால் ஓரத்தில் தெரியும் பிளாஸ்டிக் டப்பா, அதே யோசனைதான். அதே போரில் சில்வர் கோஸ்ட் சேசிஸ் மேல் இரும்புத் தகடு கட்டிக் கவச கார்களாக ஓட்டினார்கள். ரேடியேட்டருக்கு முன்னால் இரும்புக் கதவுகள். சண்டையில் குண்டு படாமல் இருக்கக் கதவைச் சாத்த வேண்டும், சாத்தினால் காற்று போகாது. பாலைவன வெயிலில் எவ்வளவு நேரம் சாத்தி வைக்க முடியும் என்பதே டிரைவரின் கவலை.

மூடியின் மேலேயே வைக்கும் கண்ணாடி வெப்பமானி ஒன்றைப் பழைய படங்களில் பார்த்திருப்பீர்கள். ஹாரிசன் பாய்ஸ் என்பவரின் மோட்டோமீட்டர். சிவப்புக் கோடு ஏறுவது டிரைவர் சீட்டிலிருந்தே தெரியும். அது தண்ணீரின் சூட்டை அளப்பதில்லை, தண்ணீருக்கு மேலே நிற்கும் ஆவியின் சூட்டை அளக்கிறது. ஆகவே தண்ணீர் அடியோடு வற்றிவிட்ட ரேடியேட்டரில் அதை நம்பக் கூடாது. இன்றும் அதை வைத்து ஓட்டுகிறவர்களுக்கு இதைச் சொல்லிவைக்க வேண்டும்.

வேறு வழிகளையும் முயன்றார்கள். அமெரிக்காவின் ஃபிராங்க்ளின் கம்பெனி, 1902 முதல் 1934 வரை தண்ணீரே இல்லாத, காற்றால் ஆறும் சொகுசுக் கார்களையே செய்தது. காடிலாக் 1914இல் கொண்டுவந்த வி8 என்ஜினில், சூட்டைப் பொறுத்துத் தண்ணீர் ஓட்டத்தைத் தானே கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வந்துவிட்டது. எதிர்த் திசையில் போனது டைம்லர். 1909 வாக்கில் வழக்கமான வால்வுகளை எடுத்துவிட்டு, நைட் என்பவர் கண்டுபிடித்த, உருளைகள் நகர்ந்து வழியைத் திறந்து மூடும் ஸ்லீவ் வால்வுக்கு மாறினார்கள். பூனை நடப்பது போன்ற நிசப்தம், அரச குடும்பத்துக்குப் பிடித்துப் போயிற்று. ஆனால் பிஸ்டனின் சூடு தண்ணீரை அடைய ஒன்றுக்குள் ஒன்றாக ஓடும் இரண்டு உருளைகளையும் அவற்றுக்கு இடையே உள்ள எண்ணெய்ப் படலங்களையும் தாண்ட வேண்டும். சத்தத்தைக் குறைத்ததற்கான விலையை வெப்பத்திலும் எண்ணெயிலும் கொடுத்தார்கள்.

இப்போது டிரைவரின் கைக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் தாத்தாவின் திறமை அங்கேதான் இருந்திருக்கும். அந்தக் கார்களின் ஸ்டீயரிங் மேல் சின்ன லீவர்கள் இருக்கும். ஒன்று இக்னிஷனை முன்னே பின்னே நகர்த்த. தீப்பொறி சரியான நேரத்தில் விழுந்தால், எரியும் வாயு பிஸ்டனைத் தள்ளி, விரிந்து, சூடு குறைந்து வெளியே போகும். தாமதமாக விழுந்தால், பிஸ்டன் இறங்கும் வழியெல்லாம் எரிந்துகொண்டே இருக்கும். சக்தி குறையும், அந்தச் சூடு சிலிண்டர் சுவர் மேலும் எக்ஸாஸ்ட் வால்வு மேலும் போகும். ஏற்றத்தில் என்ஜின் தட்டுகிறதே என்று பயந்து லீவரைப் பின்னால் இழுத்து, அப்படியே மறந்துவிட்ட டிரைவர் தன் கையாலேயே காரைக் கொதிக்கவைக்கிறார். தட்டாத அளவுக்கு மட்டும் பின்னால் இழுத்து, வளைவு தாண்டியதும் மறுபடி முன்னால் தள்ளுகிறவர், அதே காரில் அதே மலையை நிற்காமல் ஏறிவிடுவார். பெட்ரோல் கலவை மெலிந்தாலும் இதே கதிதான், எரிவது மெதுவாகும்.

சரி, உங்கள் நண்பரின் காருக்கு வருவோம். அவரிடம் முதலில் சொல்லுங்கள், ரேடியேட்டர் மேல் கை வைக்க வேண்டாம் என்று. கொதிக்கிறது என்றதும் எல்லோரும் ரேடியேட்டரைக் கழற்றி, கோர் என்ற அதன் உள்பகுதியைப் புதிதாகப் போடக் கிளம்பிவிடுகிறார்கள். அசல் தேன்கூடு கோர் ஒருமுறை போனால் போனதுதான்.

சில வருடம் முன்னால் என்னிடம் வந்த ஒரு காரைச் சொல்கிறேன். அதுவும் 1920களின் ஆறு சிலிண்டர்தான். வருவதற்கு முன் வேறொரு பட்டறையில் இரண்டு முறை ரேடியேட்டர் மாற்றி, முன்னால் ஒரு எலெக்ட்ரிக் ஃபேனும் கட்டியிருந்தார்கள். பத்து கிலோமீட்டரில் கொதித்தது. என்ஜின் சூடானதும் பிளாக்கின் பக்கவாட்டில் கையை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தேன். முன் சிலிண்டர் பக்கம் வெப்பம் சாதாரணம். ஐந்து, ஆறாவது சிலிண்டர் பக்கம் மேலே தாங்க முடியாத சூடு, அடியிலோ ஒப்பிட்டால் குளிர்ச்சி. அடியில் தண்ணீர் போகவில்லை என்று அதிலேயே தெரிந்துவிட்டது. ஆறவிட்டு, ஆறாவது சிலிண்டர் அடியில் இருக்கும், தண்ணீர் வடிக்கும் பிளக்கைக் கழற்றினேன். ரேடியேட்டர் நிறையத் தண்ணீர் இருக்கிறது, துளையிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. ஒரு கம்பியை விட்டுக் குடைந்தேன். முதலில் கெட்டியாக இருந்தது, அப்புறம் பொலபொலவென்று, ஃபில்டரில் மிஞ்சும் காபிச் சக்கை போல, கருஞ்சிவப்பில் சேறு விழ ஆரம்பித்தது. ஒரு மணி நேரத்தில் பழைய பெயின்ட் டப்பா பாதி நிறைந்தது. துரு, சுண்ணாம்புக் காறை, அதற்குள் வார்ப்பு மணல். கடைசியாக இரண்டு துண்டு கம்பி வந்தது, பிளாக்கை வார்த்தபோது தண்ணீர் வழிக்காக உள்ளே வைத்த மணல் அச்சைத் தாங்கிய கம்பி. தொண்ணூறு வருடமாக அங்கேயே இருந்து சேற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. சுத்தம் செய்த பிறகு எலெக்ட்ரிக் ஃபேனைக் கழற்றி உரிமையாளர் கையில் கொடுத்தேன். மே மாதத்தில் ஓட்டிப் பார்த்தோம், கொதிக்கவில்லை.

அந்தக் கார்கள் புதிதாக இருந்தபோது மலையில் கொதித்ததற்கும் இன்றைக்குத் தெருவில் கொதிப்பதற்கும் காரணம் வேறு வேறு. சமதரையில் ஒழுங்காக ஓட அன்றைக்கே போதிய கூலிங் இருந்தது. இன்று சமதரையில் கொதித்தால், ஏதோ அடைத்திருக்கிறது அல்லது ஏதோ தேய்ந்திருக்கிறது. வடிவமைப்பைக் குறை சொல்லிப் புதுச் சாமான் மாட்டுவதற்கு முன்னால் அதைத் தேட வேண்டும்.

தேடுவதை இக்னிஷனிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள், செலவில்லாத இடம் அது. ஸ்டீயரிங்கில் லீவர் முழுக்க முன்னால் போகும்போது, கீழே தீப்பொறிக்கான டிஸ்ட்ரிபியூட்டரோ மேக்னெட்டோவோ உண்மையிலேயே முழுக்க நகர்கிறதா என்று ஒருவர் மேலே அசைக்க, இன்னொருவர் கீழே பார்க்க வேண்டும். இடையில் இருக்கும் ராடுகளும் பின்களும் தேய்ந்து, மேலே முழு அட்வான்ஸ், கீழே பாதிதான் என்று நான் பார்த்த கார்கள் நிறைய. அப்புறம் ஃபேன் பெல்ட். பழைய தட்டைப் பெல்ட் கையால் சுற்றும்போது பிடிக்கிற மாதிரி இருக்கும், வேகத்தில் வழுக்கும்.

அடுத்தது பம்ப் கிளாண்ட். தண்டைச் சுற்றிக் கிராஃபைட் தடவிய கயிறு திணித்து ஒரு நட்டால் இறுக்கியிருப்பார்கள். ஒரு சொட்டு விழுந்ததும் ஸ்பானரை எடுத்து இறுக்கி இறுக்கித் தண்டையே தின்றுவிடச் செய்வது சகஜம். அவ்வப்போது ஒரு சொட்டு விழுந்தால் விழட்டும், அது தண்டுக்கு நல்லது. கவலைப்பட வேண்டியது தண்ணீர் வெளியே வருவதைவிட, காற்று உள்ளே போவதைப் பற்றி. பம்ப் இழுக்கும் பக்கத்தில் தேய்ந்த கிளாண்ட் வழியாகக் காற்றை உறிஞ்சும், தண்ணீர் நுரைக்கும், நுரை சூட்டைச் சுமக்காது. என்ஜின் ஆறியிருக்கும்போதே மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து, கொஞ்சம் வேகம் கூட்டி, மேல் டேங்க்கில் வெள்ளைக் குமிழிகள் வருகிறதா என்று பார்த்தால் போதும். கீழ் ஹோஸையும் அப்போதே பாருங்கள். பழசாகி மெலிந்த ரப்பர், வேகம் கூட்டியதும் உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளும், விட்டதும் பழையபடி ஆகிவிடும். நின்றிருக்கும் காரில் அந்தக் கோளாறு தெரியவே தெரியாது.

அதன் பிறகு சேறு. அடி பிளக்குகளைக் கழற்றிக் குடைந்து, தண்ணீரை எதிர்த் திசையில், கீழிருந்து மேலாகப் பாய்ச்ச வேண்டும். பிளாக்கையும் ரேடியேட்டரையும் தனித்தனியாகப் பாய்ச்ச வேண்டும், இல்லையென்றால் பிளாக்கின் சேறெல்லாம் ரேடியேட்டரின் நூலிழை இடுக்கில் போய் உட்கார்ந்துவிடும். காறைக்குச் சிட்ரிக் அமிலம் போல மிதமானது போதும். காஸ்டிக் சோடாவை அலுமினியம் இருக்கும் எந்த என்ஜினிலும் விடக் கூடாது, அரித்துவிடும். இத்தனையும் செய்த பிறகும் கொதித்தால்தான் ரேடியேட்டரைச் சந்தேகப்பட வேண்டும். அப்போதும் அசல் கோரைக் காப்பாற்ற முடியுமா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். போர்த் தண்ணீர் வேண்டாம், மழைத் தண்ணீர் பிடித்து வைத்து ஊற்றச் சொல்லுங்கள், துரு பிடிக்காத மருந்து கலந்து. இன்னொன்று, கொதிநிலை கூடும் என்று யாராவது அழுத்த மூடி போடச் சொன்னால் கேட்கவே வேண்டாம். நூறு வருடப் பற்றாசு அந்த அழுத்தத்தைத் தாங்காது.

வழியில் கொதித்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்பார். முகப்பைக் காற்று வரும் பக்கம் திருப்பி நிறுத்தி, என்ஜினை உடனே அணைக்காமல், கொஞ்சம் வேகமான ஐடிலில் ஓடவிட வேண்டும். ஃபேனும் பம்பும் வேலை செய்தால் சூடு வடியும். தண்ணீரே இல்லாமல் வற்றியிருந்தால் மட்டும் உடனே அணைக்க வேண்டும். மூடியை அவசரப்பட்டுத் திறக்கக் கூடாது. சூடான பிளாக்கில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் வார்ப்பிரும்பு விரிசல் விடும். சில்வர் கோஸ்ட் போன்ற என்ஜின்களில் ஹெட் தனியாகக் கழலாது, மூன்று மூன்று சிலிண்டராகப் பிளாக்கோடு சேர்த்தே வார்த்தது. ஒரு விரிசல் என்றால் முழு பிளாக்கும் போயிற்று. அரை மணி நேரம் நிழலில் உட்கார்ந்து, கை வைக்கிற சூட்டுக்கு வந்த பிறகு, என்ஜினை ஓடவிட்டுக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். உங்கள் தாத்தா ஏற்றிக்கொண்ட இரண்டு டின் தண்ணீரையும் இப்படித்தான், அவசரப்படாமல் ஊற்றியிருப்பார்.